எரியப்போகும் பெட்டிக்கு எத்தனை டாலர்?

கேள்வி: அப்பா தவறிய மறுநாள், "தகனத்துக்குச் சவப்பெட்டி கட்டாயம், சட்டமே அப்படித்தான்" என்று இறுதிச்சடங்கு இல்லத்தில் சொன்னார்கள். 2,800 டாலர் கட்டினோம். சரிதானா? (நியூ ஜெர்சி)

பதில்: சரியே இல்லை. அமெரிக்காவில் தகனத்துக்குச் சவப்பெட்டி கேட்கிற மாநிலச் சட்டம் எதுவும் கிடையாது. உடலைப் பார்வைக்கு வைக்காமல், சடங்கு நடத்தாமல் செய்கிற நேரடித் தகனத்துக்குச் சட்டம் பெட்டி கேட்கிறது என்று சொல்வதே 1984 முதல் நடப்பில் இருக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் (நுகர்வோரைக் காக்கும் மத்திய அரசு அமைப்பு) விதியை மீறுவது. அத்தகைய தகனம் செய்து தருகிற இல்லம், அட்டையிலோ மெருகு போடாத மரத்திலோ எளிய பெட்டி வைத்திருக்கவும் வேண்டும். தகனக்கூடத்துக்கும் பெரும்பாலும் அது போதும்: தூக்கினால் வளையாமல், கசியாமல், எரியக்கூடியதாக இருந்தால் சரி.

எனக்குத் தீராத கோபம் விலைப்பட்டியல் விஷயத்தில்தான். நேரில் போய் விசாரித்தாலே அச்சிட்ட பட்டியலைக் கையில் தர வேண்டும், வீட்டுக்கு எடுத்துவரலாம். போனில் கேட்டாலும் விலை சொல்லியாக வேண்டும். பெட்டிகளைக் காட்டும் முன்பே அவற்றின் விலைப்பட்டியலை நீட்ட வேண்டும். நடப்பது என்ன? கம்பளம் விரித்த அறை, விளக்கு வெளிச்சத்தில் மகாகனி, "அப்பாவுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப்போகிறீர்கள்" என்று ஒரு மெல்லிய குரல். அட்டைப்பெட்டி கண்ணிலேயே படாது. அழுதுகொண்டிருப்பவரிடம் நடத்துகிற வியாபாரம்! உங்கள்மேல் தப்பே இல்லை. பில்லோடு கமிஷனிலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள்.

கேள்வி: பெட்டியை வெளியில் வாங்கினால் இல்லத்துக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டுமாமே? (டல்லாஸ்)

பதில்: கேட்கக் கூடாது. கொடுக்காதீர்கள்.

கேள்வி: பார்வைக்கு வைக்க ஸ்டீல் பெட்டி வாங்கினோம். தகனக்கூடம் ஏற்க மறுக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? (சிகாகோ)

பதில்: எரிக்கப்போகிறோம் என்று தெரிந்தே ஸ்டீலா? கேட்டுப் பாருங்கள், எனக்கு நம்பிக்கையில்லை. பார்வைக்கு வாடகைப் பெட்டி உண்டு: வெளிக்கூடு இல்லத்துக்கே திரும்பிவிடும், உள்ளே செருகிய எளிய பெட்டி மட்டும் உடலோடு போகும். கையெழுத்துப் போடும் முன் தகனக்கூடத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அப்புறம், நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்; சூட்டில் வெடிக்கும்.

கேள்வி: அஸ்தியை ராமேஸ்வரம் கொண்டுபோக எந்தக் கலசம் நல்லது? (சான் ஹோசே)

பதில்: மரம் அல்லது பிளாஸ்டிக். விமான நிலையச் சோதனையில் எக்ஸ்ரே ஊடுருவ வேண்டும். நீங்களே திறக்கச் சொன்னாலும் அங்கே திறக்க மாட்டார்கள். கனத்த பித்தளைக் கலசம் ஒன்றுக்கு நானும் தண்டம் அழுதிருக்கிறேன், மூடியில் நடராஜர் வேறு. தகனக்கூடம் தருகிற பிளாஸ்டிக் டப்பாவே போதும். தகனச் சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.