‘ஈ.எம்.டி. மட்டும் தலையில் ஏறவே மாட்டேங்குது’

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் ட்ரிபிள் ஈ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சர்க்யூட் தியரி நன்றாக வருகிறது, எலெக்ட்ரோமேக்னெட்டிக் தியரி (ஈ.எம்.டி.) மட்டும் புரியவில்லை. டைவர்ஜென்ஸ், கர்ல் எல்லாம் கணக்காகப் போடுவேன், எதற்குப் போடுகிறோம் என்று கேட்டால் தெரியாது. செமஸ்டருக்கு 8 வாரம் இருக்கிறது. டெரிவேஷன்களை மனப்பாடம் செய்துவிடலாமா? பவர் சிஸ்டம் பக்கம் போக நினைக்கிறவனுக்கு இது உண்மையிலேயே தேவையா?

பதில்: தம்பி, மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகிவிடலாம், அதை மறைக்க மாட்டேன். காஸ் விதி, பயட்-சாவர்ட், பாயின்டிங் தேற்றம் என்று 13 மார்க்கில் திரும்பத் திரும்ப வருகிறவற்றை உருப்போட்டு எழுதியவர்கள் தேறியிருக்கிறார்கள். ஆனால் மெஷின்ஸ் பேப்பரில் ஆர்மேச்சர் ரியாக்‌ஷன் வரும்போதும், ஹை வோல்டேஜ் பேப்பரில் இன்சுலேஷன் வரும்போதும் அதே இடத்தில் மறுபடி நிற்பீர்கள். இந்தப் பேப்பரைப் பல வருடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்களுக்குக் கணக்கு வராமல் இல்லை, படம் இல்லாமல் கணக்கு போடுகிறீர்கள். அதுதான் சிக்கல்.

மைக்கேல் ஃபாரடே புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர், உயர் கணிதம் படிக்காதவர். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர், அதை யோசித்ததெல்லாம் விசைக்கோடுகளாகத்தான். அந்தக் கோடுகளுக்குக் கணித வடிவம் கொடுத்த மேக்ஸ்வெல் 1865-இல் வெளியிட்ட கட்டுரையில் மொத்தம் 20 சமன்பாடுகள். அவற்றை இன்று நாம் படிக்கிற நான்காகச் சுருக்கியதில் பெரும் பங்கு ஆலிவர் ஹெவிசைடுக்கு. அவரும் 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர், தந்தி ஆபரேட்டர். படம் முதலில் வந்தது, சமன்பாடு பிறகு வந்தது. நம் சிலபஸ் இதைத் தலைகீழாக்கி முதல் யூனிட்டிலேயே வெக்டர் கால்குலஸை வைக்கிறது, அது என்ன செய்கிறது என்று தெரிவதற்குள் யூனிட் முடிந்துவிடுகிறது.

சரி, கர்லை எடுத்துக்கொள்வோம். ‘சுழல்வதைக் காட்டுவது கர்ல்’ என்று எழுதி வைத்திருப்பீர்கள், அந்த வரிதான் குழப்பமே. காவிரிப் பாசன வாய்க்கால் ஒன்றில் தண்ணீர் நேராக ஓடுகிறது என்று வையுங்கள். நடுவில் வேகம் அதிகம், கரையோரம் குறைவு. கரைப் பக்கம் ஒரு சிறு குச்சியைக் குறுக்காகப் போட்டால், தண்ணீர் நேராகப் போனாலும் குச்சி மெல்லத் திரும்பிக்கொண்டே போகும், ஏனென்றால் அதன் ஒரு முனையை வேகமான தண்ணீர் தள்ளுகிறது, மறு முனையை மெதுவான தண்ணீர். கோடுகள் நேராக இருந்தும் அங்கே கர்ல் இருக்கிறது. இதற்கு நேர் எதிர், மின்னோட்டம் பாயும் நீளமான கம்பி. அதைச் சுற்றிக் காந்தப்புலக் கோடுகள் வட்டமாகவே இருக்கின்றன, ஆனாலும் கம்பிக்கு வெளியே எந்தப் புள்ளியில் கணக்கிட்டாலும் கர்ல் பூஜ்யம். கம்பிக்குள்ளே, மின்னோட்டம் உள்ள இடத்தில் மட்டும்தான் அதற்கு மதிப்பு. இந்த இரண்டையும் உங்கள் நோட்டில் வரைந்து, சிலிண்ட்ரிகல் சூத்திரத்தில் போட்டு நீங்களே சரிபாருங்கள். கர்ல் என்பது ஒரு புள்ளியில் நடக்கும் விஷயம், கோடு வளைவதற்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்பது ஒரு முறை பிடிபட்டால் ஆம்பியர் விதியின் பாயின்ட் வடிவம் தானாகப் புரியும்.

அடுத்து, அளவுகளின் அலகு. இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. மின்புலம் ஈ-க்கு அலகு மீட்டருக்கு இத்தனை வோல்ட், காந்தப்புலம் ஹெச்-க்கு மீட்டருக்கு இத்தனை ஆம்பியர். மின் ஃப்ளக்ஸ் அடர்த்தி டி-க்குச் சதுர மீட்டருக்கு இத்தனை கூலும், காந்த ஃப்ளக்ஸ் அடர்த்தி பி-க்குச் சதுர மீட்டருக்கு இத்தனை வெபர். அப்படியானால் ஈ, ஹெச் இரண்டையும் ஒரு பாதை வழியே கூட்ட வேண்டும், வோல்ட்டும் ஆம்பியரும் கிடைக்கும். டி, பி இரண்டையும் ஒரு பரப்பின் மேல் கூட்ட வேண்டும், சார்ஜும் ஃப்ளக்ஸும் கிடைக்கும். லைன் இன்டக்ரல் எங்கே, சர்ஃபேஸ் இன்டக்ரல் எங்கே என்று மாணவர்கள் முழிக்கிற முழிக்கு இது ஒன்றே போதும். நான்கு மேக்ஸ்வெல் சமன்பாடுகளின் இன்டக்ரல் வடிவத்தையும் இதை வைத்தே எழுதிவிடலாம்.

பவர் பக்கம் போகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டீர்களே, ஒரு 11 கிலோவோல்ட் நிலத்தடி கேபிளைப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, கண்டக்டரின் ஆரம் 5 மில்லிமீட்டர், இன்சுலேஷனின் வெளி ஆரம் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே 6.35 கிலோவோல்ட். சர்க்யூட் தியரி மட்டும் தெரிந்தவர் 6.35-ஐ 5-ஆல் வகுத்து மில்லிமீட்டருக்கு 1.27 கிலோவோல்ட் என்பார். இப்போது படம் வரையுங்கள். கண்டக்டரிலிருந்து கோடுகள் ஆரம் போல எல்லாப் பக்கமும் கிளம்புகின்றன, வெளியே போகப் போக விலகுகின்றன; அதாவது உள்ளே நெருக்கம், வெளியே தளர்வு. கணக்கைத் தொடும் முன்பே விடையின் வடிவம் தெரிந்துவிட்டது. அப்புறம் காஸ் விதியைப் போட்டால் புலம் ஆரத்துக்கு எதிர்விகிதம், 2-இன் இயல் மடக்கை 0.693, ஆகவே கண்டக்டர் மேற்பரப்பில் மில்லிமீட்டருக்கு 1.83 கிலோவோல்ட், வெளி விளிம்பில் 0.92. உள்ளே இருக்கிற இன்சுலேஷன் வெளியே இருப்பதைப் போல இரண்டு மடங்கு தாங்க வேண்டும். எக்ஸ்.எல்.பி.இ. (ஒரு வகை பாலிஎதிலீன் இன்சுலேஷன்) கேபிளை வெட்டிப் பார்த்தால் கண்டக்டர் மேலேயே கருப்பாக ஒரு மெல்லிய செமிகண்டக்டிங் அடுக்கு தெரியும், முறுக்கிய கம்பிகளின் மேடுபள்ளத்தில் புலம் குவியாமல் வழவழப்பாக்குவது அதன் வேலை. லேபில் ஒரு துண்டு கேபிள் கிடந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

400 கிலோவோல்ட் கோபுரங்களில் ஒரு ஃபேசுக்கு இரண்டு அல்லது நான்கு கம்பிகளைச் சேர்த்து ஸ்பேசர் போட்டிருப்பதும் இதே விஷயம்தான். கம்பியைத் தடிமனாக்கியது போன்ற பலன், மேற்பரப்பில் புலம் குறையும்; சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோவோல்ட் என்கிற காற்றின் தாங்குதிறனுக்குக் கீழே வைத்தால்தான் கரோனா, அதாவது கம்பியைச் சுற்றிய காற்றில் நடக்கும் மின்கசிவு, கட்டுப்படும்.

சர்க்யூட் தியரி உங்களுக்கு வருவது பெரிய பலம். கிர்ச்சாஃபின் வோல்டேஜ் விதி ஃபாரடே விதியின் எளிய வடிவம், லூப்புக்குள் மாறுகிற ஃப்ளக்ஸ் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லாதபோது செல்லுபடியாகும். சர்க்யூட்டின் அளவு அலைநீளத்தை விட மிகச் சிறியதாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் 6000 கிலோமீட்டர், அதனால் உங்கள் லேப் மேசையில் எல்லாம் சரியாக வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் லைனில் அந்த எண் கண்ணை உறுத்த ஆரம்பிக்கும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை வரும் 800 கிலோவோல்ட் லைனை டி.சி.யில் போட்டதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம். ஒரு ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 சென்டிமீட்டர்தான், அங்கே வெறும் கம்பியைக்கூட கம்பி என்று நம்ப முடியாது.

கையால் செய்து பார்க்க இரண்டு காரியங்கள் சொல்கிறேன். ஏ.சி. மெக்கானிக்கிடம் ஒரு அடிக்குக் குறையாத காப்பர் குழாய்த் துண்டு வாங்குங்கள், அதற்குள் நுழையும் அளவுக்கு ஒரு நியோடிமியம் காந்தத்தை மேலிருந்து விடுங்கள். காப்பரைக் காந்தம் ஒட்டாது, ஆனாலும் குழாய்க்குள் அது தயங்கித் தயங்கி இறங்கும். குழாய்ச் சுவரில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் பிளஸ் டூவில் படித்த லென்ஸ் விதிப்படி அதைத் தடுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் கோரை ஏன் தகடு தகடாக வெட்டுகிறார்கள் என்பதை இனிமேல் யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று, செல்போனை அலுமினியம் ஃபாயிலில் சந்து இல்லாமல் சுற்றிவிட்டு வேறு போனிலிருந்து அதற்கு அழையுங்கள். பெரும்பாலும் லைன் கிடைக்காது. அப்புறம் ஸ்கின் டெப்த் (உலோகத்துக்குள் அலை எவ்வளவு ஆழம் நுழையும் என்பது) சூத்திரத்தில் அலுமினியத்தின் எண்களைப் போடுங்கள்: 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2.7 மைக்ரோமீட்டர், ஃபாயில் அதைவிடச் சில மடங்கு தடிமன். அதே அலுமினியத்துக்கு 50 ஹெர்ட்ஸில் சுமார் 12 மில்லிமீட்டர். அதாவது செல்போன் சிக்னலை நிறுத்துகிற அதே ஃபாயில், மின்கம்பியிலிருந்து வரும் காந்தப்புலத்தைச் சட்டை செய்யாது. ஐந்தாவது யூனிட்டில் எல்லாரும் வெறும் சூத்திரமாக எழுதிவிட்டுப் போகும் வரி இது.

8 வாரத்தில் முதல் இரண்டு வாரத்தை முழுக்க கோஆர்டினேட் சிஸ்டத்துக்கும் கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் என்ற மூன்று ஆபரேஷனுக்கும் கொடுங்கள், குறைக்காதீர்கள். ஸ்பெரிக்கலில் வால்யூம் எலிமென்ட் சரியாக எழுதியிருக்கிறோமா என்று சந்தேகம் வந்தால் அதை ஒரு கோளம் முழுக்க இன்டக்ரேட் செய்யுங்கள், மூன்றில் நான்கு பை ஆர் கியூப் வராவிட்டால் எங்கோ சைன் தீட்டா விட்டுப்போயிருக்கிறது. சிலிண்ட்ரிகல், ஸ்பெரிக்கல் யூனிட் வெக்டர்கள் இடத்துக்கு இடம் திசை மாறும், அவற்றை இன்டக்ரலுக்கு வெளியே தூக்கிப் போடுவதுதான் நான் திருத்திய விடைத்தாள்களில் அதிகம் பார்த்த தவறு. காஸ் விதியைக் கோளம், நீண்ட உருளை, பரந்த தளம் ஆகிய மூன்று சமச்சீருக்கு மட்டும் நம்பிப் போடுங்கள். வேறு வடிவம் வந்தால் கூலும் விதியிலிருந்து நேராக இன்டக்ரேட் செய்யுங்கள், அல்லது லாப்லாஸ் சமன்பாட்டுக்குப் போங்கள். மேக்னெட்டோஸ்டாட்டிக்ஸை எலெக்ட்ரோஸ்டாட்டிக்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்துப் படித்தால் ஒரு வாரம் மிச்சமாகும்.

இடப்பெயர்ச்சி மின்னோட்டத்துக்கு மட்டும் ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். சார்ஜ் ஆகிற மின்தேக்கியின் கம்பியைச் சுற்றி ஒரு லூப் போட்டு, அதே லூப்பை விளிம்பாகக் கொண்ட இரண்டு பரப்புகளை வரையுங்கள். ஒன்று கம்பியை வெட்டட்டும், மற்றது தட்டுகளுக்கு நடுவே பை போல வளைந்து போகட்டும். முதல் பரப்பில் மின்னோட்டம் உண்டு, இரண்டாவதில் இல்லை. ஆம்பியரின் பழைய விதி ஒரே லூப்புக்கு இரண்டு விடை தருகிறது. மேக்ஸ்வெல் சேர்த்த இடப்பெயர்ச்சி மின்னோட்ட உறுப்பு இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது, அதைச் சேர்த்த பிறகுதான் சமன்பாடுகளிலிருந்து அலை வெளியே வருகிறது.

தமிழ் வழியில் படித்ததைக் குறையாக நினைக்காதீர்கள். பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள், மின்பாயம், காந்தப்பாயம், ஆம்பியரின் சுற்று விதி எல்லாம் அதில் தெளிவாக இருக்கின்றன. தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். டெரிவேஷன் எழுதும்போது முதல் வரிக்கு முன்னால் படம் போட்டு, அதில் திசைகளைக் குறித்து, எந்தச் சமச்சீரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நடுவே ஒரு இன்டக்ரல் தடுமாறினாலும் அந்தப் படத்துக்கும் வரிக்கும் நான் மார்க் போட்டிருக்கிறேன்.