ஜோன்ஸை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

கேள்வி: என் மாப்பிள்ளை பென்சில்வேனியாக்காரர். அவர்கள் வழியில் முதலில் அமெரிக்கா வந்தவர், 1680களில் வேல்ஸிலிருந்து கப்பலேறிய ஒரு ஜோன்ஸ். மனைவி இங்கிலாந்துப் பெண்ணாம். பேரனுக்காக வம்சாவளி எழுதலாம் என்று இணையத்தில் தேடினால், வேல்ஸ் இளவரசர் ஒருவர் வரை போகிறது. நம்பலாமா? எங்கே தொடங்குவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இளவரசர் இப்போதைக்கு இருக்கட்டும். முதலில், ஜோன்ஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டு வேல்ஸில் தேடாதீர்கள். அந்தக் காலத்தில் அங்கே பல வீடுகளுக்கு நிலையான குடும்பப் பெயரே கிடையாது. நம் இனிஷியல் மாதிரிதான். அப்பா பெயர் மகனோடு நின்றுவிடும். ஜானுடைய மகன் ஈவன் என்றால் அவர் ஈவன் ஜோன்ஸ். அந்த ஈவனுடைய மகன் தாமஸ் ஈவன்ஸ். 'மகன்' என்பதற்கு அவர்கள் சொல் 'அப்'. 'அப் ரீஸ்' தேய்ந்துதான் பிரைஸ் ஆனது. எனவே உங்கள் ஜோன்ஸின் அப்பாவை ஜான் என்ற பெயரில்தான் தேட வேண்டியிருக்கும். வேல்ஸில் எத்தனை ஜான்! ஊர் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

அந்த ஊர்ப்பெயர் அமெரிக்காவிலேயே கிடைக்கலாம். 1682 முதல் பிலடெல்பியா பக்கம் மெரியன், ராட்னர், ஹாவர்ஃபோர்டில் குடியேறிய வேல்ஸ்காரர்களில் பெரும்பாலோர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஒரு குவேக்கர் ஊர் மாறினால், பழைய ஊர்ச் சபை கையில் ஒரு சான்றுக் கடிதம் கொடுத்தனுப்பும். இன்ன ஊர்க்காரர், நடத்தை நல்லது, வேறு யாருக்கும் நிச்சயமானவர் இல்லை என்பது வரை அதில் இருக்கும். கல்யாணச் சான்றில் வந்திருந்த உறவினர்களும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் உள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியின் குவேக்கர் நூலகத்தில் இந்தச் சபைப் பதிவுகளைப் பார்க்கலாம்.

தேதியில் மட்டும் கவனம். ஜூன் 1690ல் கல்யாணம், பிப்ரவரி 1690ல் குழந்தை என்று இருந்தால் தவறு என்று பதறி அந்தப் பதிவை அடித்துவிடாதீர்கள். 1752க்கு முன் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. அந்தக் கணக்கில் ஜூனுக்கு அப்புறம்தான் பிப்ரவரி. குவேக்கர்கள் மாதத்தை எண்ணால் எழுதுவார்கள், மார்ச்தான் ஒன்று. அவர்களுடைய 'மூன்றாம் மாதம்' மே.

ஊர் தெரிந்த பிறகு கடல் தாண்டுங்கள். 1858க்கு முந்தைய வேல்ஸ் உயில்களை அபெரிஸ்ட்வித் ஊரில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மனைவி வழி கொஞ்சம் எளிது. இங்கிலாந்தில் குடும்பப் பெயர் அப்போதே நிலைத்துவிட்டது, தேவாலயப் பதிவேடுகளும் 1538ல் தொடங்கியவை. ஆனால் அவர் குவேக்கர் வீட்டிலேயே பிறந்தவர் என்றால் ஞானஸ்நானப் பதிவு இருக்காது, குவேக்கர்களுக்கு அந்தச் சடங்கு கிடையாது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் குவேக்கர் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும்.

இளவரசர் விஷயம்? ஒவ்வொரு அப்பா–மகனுக்கும் ஒரு காகிதம் கிடைத்தால் நம்புங்கள். ஒரு கண்ணி விட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. சம்பந்தி வீட்டில் பழைய குடும்ப பைபிள் இருக்கிறதா என்று கேளுங்கள். வெற்றுத் தாள்களில் பிறப்பு, இறப்பு எழுதி வைக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. தாள்களைப் படமெடுக்கும்போது, பைபிள் அச்சான வருடம் உள்ள பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். அந்த வருடத்துக்கு முந்தைய பிறப்புகள் எல்லாம் பின்னால் யாரோ நினைவிலிருந்தோ வேறு ஏட்டைப் பார்த்தோ எழுதியவை.