ஃபால்ஸ்டாஃப் ஒளிந்த கூடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷேக்ஸ்பியரின் ‘மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்’ நாடகத்தில் ஃபால்ஸ்டாஃபை அழுக்குத்துணிக் கூடைக்குள் திணித்து இரண்டு வேலைக்காரர்கள் தூக்கிப்போகிறார்கள். அவ்வளவு பருத்த ஆளே ஒளியும் அளவுக்கு ஒரு வீட்டில் அழுக்குத்துணி சேருமா? அந்தக் காலத்து ஆங்கிலேயர் குளிக்கவே மாட்டார்கள் என்றும் படித்திருக்கிறேன். குளிக்காதவர்களுக்குத் துணி வெளுப்பதில் என்ன அக்கறை?

க.

அன்புள்ள க.,

இரண்டு கேள்விகளுக்கும் பதில், ஆளிச்செடி நாரில் நெய்யும் லினன் துணியில் இருக்கிறது.

வெந்நீரில் முழு உடம்பையும் நனைத்தால் தோலின் துளைகள் திறந்து நோய் புகும் என்று அன்றைய மருத்துவம் அஞ்சியது. கொள்ளைநோய்க் காலங்களில் இந்த அச்சம் கூடியது. அதனால் முகத்தையும் கைகளையும் கழுவினார்கள், உடம்பை லினன் துணியால் தேய்த்துத் துடைத்தார்கள். வியர்வையையும் எண்ணெய்ப்பசையையும் உள்ளே போட்ட லினன் சட்டை உறிஞ்சிக்கொண்டது. மேலே அணிந்த கம்பளியும் பட்டும் பெரும்பாலும் தண்ணீர் காணாதவை. தூசு தட்டி, பிரஷ் போடுவதோடு சரி. சட்டையை மாற்றுவதுதான் அவர்களுடைய குளியல். ‘அழுக்கு மனிதர்கள்’ என்று அவர்களை ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தச் சட்டைகளை வெளுக்கப் பெண்கள் பட்ட பாட்டைப் பாருங்கள்.

அடியில் துளையிட்ட பெரிய மரத்தொட்டி ஒன்று வேண்டும். கறை பட்ட இடங்களை முதலில் தனியாகக் கவனிப்பார்கள். புளிக்கவைத்த சிறுநீர்கூட இதற்குப் பயன்பட்டது, அதில் அம்மோனியா உண்டு. பிறகு துணிகளைத் தொட்டியில் அடுக்கி, மேலே ஒரு முரட்டுத்துணியை விரித்து, அதில் சலித்த விறகுச் சாம்பலைப் பரப்புவார்கள். சாம்பல்மேல் ஊற்றும் தண்ணீர் காரநீராகித் துணிகளுக்குள் இறங்கும். கீழே வடிவதைப் பிடித்து, சூடாக்கி, மறுபடி ஊற்ற வேண்டும். இப்படிப் பல மணி நேரம்.

இதில் சூடுதான் சூட்சுமம். முதல் ஊற்று வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. படிப்படியாகத்தான் கொதிநிலைக்குப் போக வேண்டும். அவசரப்பட்டுக் கொதிநீரை ஊற்றினால் இரத்தக்கறை இழையோடு இறுகிவிடும், பிறகு என்ன செய்தாலும் போகாது. சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் துணியின் எண்ணெய்ப்பசையைப் பிடித்துச் சோப்பாக மாற்றிவிடுவதால், ஸ்பெயினிலிருந்து வந்த விலையுயர்ந்த சோப்பு சாதாரணத் துணிக்குத் தேவைப்படவில்லை. கம்பளியையும் பட்டையும் இந்தத் தொட்டியில் போடவே கூடாது, காரம் அவற்றை அரித்துவிடும். லண்டனில் நிலக்கரி அடுப்புகள் பெருகியபோது இன்னொரு சிக்கல் வந்தது. நிலக்கரிச் சாம்பலில் இந்தக் காரம் கிடையாது, துவைப்பதற்கு விறகுச் சாம்பல்தான் வேண்டும்.

அடுத்து ஓடும் தண்ணீரில் மரக்கட்டையால் அடித்து அலசி, புல்லிலோ வேலிச்செடிகளிலோ விரிப்பார்கள். ஈரமும் வெயிலும் சேர்ந்தால்தான் லினன் வெளுக்கும். நாடகத்தில் அந்தக் கூடையைத் தாட்செட் புல்வெளியிலுள்ள வெளுப்பவர்களிடம் கொண்டுபோகச் சொல்வதும் இதனால்தான். 1550களின் லண்டன் செப்புத்தகட்டு வரைபடத்தில், மூர்ஃபீல்ட்ஸ் திறந்தவெளியில் துணிகள் விரித்துக் கிடப்பதையே காணலாம்.

விறகு, தண்ணீர், ஆள், வெயில் எல்லாம் ஒருசேர அமையவேண்டிய வேலையை வாரம்தோறும் செய்ய முடியாது. வசதியான வீடுகள் நிறையச் சட்டைகளும் விரிப்புகளும் வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் அழுக்கைச் சேர்த்து ஒரேயடியாக வெளுத்தன. ஃபால்ஸ்டாஃப் ஒளியும் அளவுக்குக் கூடை பெரிதானது அப்படித்தான். ஓரிரண்டு சட்டை மட்டும் வைத்திருந்த ஏழைக்கு இந்தச் சௌகரியம் இல்லை. இருப்பதை அடிக்கடி அலசிப் போட்டுக்கொள்ள வேண்டும். லினன் உயிலில் எழுதிவைக்கும் சொத்தாக இருந்தது, வேலியில் காயும் விரிப்பைத் திருடுவதையே தொழிலாக வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். நீள்கழியின் முனையில் இரும்புக்கொக்கி மாட்டி, திறந்த சன்னல் வழியே துணியை இழுத்தவர்களுக்கு அன்றைய வழக்கில் ‘தூண்டில்காரர்’ என்றே பெயர்.