முதலில் பில்லை எடுங்க: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி நகைக்கடை, மீதியில் பாதி ஃப்ரிட்ஜ். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பேருந்து நின்ற மோட்டலில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 30 வாங்கினார்கள். கேட்டால் கூலிங் சார்ஜ் என்கிறார்கள். ஓட்டல்காரர்கள் எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே? (திருச்சி)

பாதிதான் உண்மை சார். 2017 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு ஓட்டல், உணவகம் பற்றியது. நீங்கள் மேசையில் உட்கார்ந்து, ஒருவர் கொண்டுவந்து வைத்து, இடம், ஏசி, கவனிப்பு எல்லாம் சேர்ந்து விற்கும்போது அது வெறும் பாட்டில் விற்பனை இல்லை என்றது நீதிமன்றம். மோட்டல் வாசலில் குளிர்பெட்டி வைத்துக்கொண்டு கையில் பாட்டிலைத் திணிக்கும் கடை அந்தக் குடைக்குள் வராது என்பதுதான் என் கருத்து. கூலிங் சார்ஜ் என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் அடங்கிய அதிகபட்ச விலை.

டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது யார் நின்று சண்டை போடுவார்கள்? அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அதனால் சண்டை வேண்டாம். காசாகக் கொடுக்காமல் போனில் கட்டுங்கள், கடைப் பெயர், தொகை, நேரம் மூன்றும் தானாகப் பதிவாகிவிடும். பாட்டிலில் விலை அச்சிட்ட இடத்தை ஒரு படம் எடுங்கள். அப்புறம் பேருந்தில் உட்கார்ந்தபடியே 1915க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) பேசலாம். தொழிலாளர் துறையின் எடையளவு பிரிவுக்கும் புகார் அனுப்பலாம். அரசுப் பேருந்து என்றால் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள், அந்த மோட்டலில் வண்டியை நிறுத்தச் சொன்னது அவர்கள்தானே.

மகளுக்கு 3 பவுன் செயின் வாங்கினேன். விளம்பரத்தில் சேதாரம் 4 சதவீதம் என்று போட்டார்கள், பில்லில் 14 போட்டிருக்கிறார்கள். இது மோசடி இல்லையா? (கோவை)

அம்மா, அந்த விளம்பரத்தை இன்னொரு முறை பாருங்கள். 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் எறும்பு சைஸில் "முதல்" என்று இருக்கும். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு பணம் ஒளிந்திருக்கிறது பாருங்கள். கணக்குக்காகக் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 24 கிராமுக்கு 4 சதவீதம் என்றால் 8,640 ரூபாய். 14 சதவீதம் என்றால் 30,240. வித்தியாசம் 21,600 ரூபாய், இரண்டு கிராமுக்கு மேல் தங்கமே வாங்கிவிடலாம்.

இத்தனை சதவீதத்துக்கு மேல் சேதாரம் போடக்கூடாது என்று சட்டத்தில் உச்சவரம்பு எதுவும் இல்லை. பட்டறையில் அறுக்கும்போதும் ராவும்போதும் உதிரும் பொடிக்காக வந்த கணக்கு அது. இன்றைக்கு மெஷினில் வரும் செயினில் அவ்வளவு உதிர்வதும் இல்லை, உதிர்ந்ததை யாரும் குப்பையில் கொட்டுவதும் இல்லை. உண்மையில் அது கடைக்காரரின் லாபம், பழைய பெயரில் உட்கார்ந்திருக்கிறது. லாபம் வைப்பது தப்பில்லை. ஆனால் சதவீதத்தை வாயால் சொல்லாமல் பில்லில் மட்டும் காட்டுவது தப்பு. இனிமேல் போனால் "4 சதவீதத்தில் எந்த நகை இருக்கு, எடுத்து வைங்க" என்று கேளுங்கள். கடை முழுக்க அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் அது தவறாக வழிநடத்தும் விளம்பரம், தாராளமாகப் புகார் கொடுக்கலாம். இன்னொன்று, தங்க ரேட்டில் பேரம் நடக்காது, சேதாரத்தில் நடக்கும். அட்சய திருதியைக் கூட்டத்தில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள்.

இப்போது கையில் இருக்கும் செயினுக்கு வருவோம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி (ஒவ்வொரு நகைக்கும் உள்ள தனி அடையாளக் குறி) இல்லாமல் விற்கக்கூடாது. கொக்கிப் பக்கம் பொடியாகப் பொறித்திருப்பார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் அதை அடித்தால் நகையின் வகை, தரம், முத்திரை போட்ட மையம் எல்லாம் வரும். செயினை வைத்துக்கொண்டு அடித்தால் "மோதிரம்" என்று வந்தால் விவகாரம் இருக்கிறது. தரம் குறைவு என்று நிரூபணமானால், தரம் எவ்வளவு குறைகிறதோ அதற்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் பரிசோதனைச் செலவும் கடைக்காரர் தரவேண்டும். கல் வைத்த நகையென்றால் கல் எடையைக் கழித்த நிகர எடை பில்லில் தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கல்லைத் தங்க விலைக்கு வாங்கிவந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். முதல் துவையலிலேயே புடவை சாயம் விட்டுவிட்டது. (சேலம்)

அச்சடித்தால் சட்டமாகிவிடாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சாயம் விடுவது குறை. "வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கலர் பிடிக்கவில்லை" என்பது குறை ஆகாது, அங்கே கடைக்காரர் மாற்றித் தந்தால் அது அவர் பெருந்தன்மை.

நான் ஆட்டோ ஓட்டுறேன் சார். எல்லாரும் எங்களைத்தான் திருடன் மாதிரி எழுதுறீங்க. எங்க பக்கத்தை யார் கேட்கிறது? (சென்னை)

நியாயமான கேள்வி அண்ணே. 2013 ஆகஸ்டில் அரசு போட்ட கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் 10 கிலோமீட்டர் ஓடினால் 123 ரூபாய் சொச்சம். அதற்குப் பிறகு பெட்ரோல் நூறைத் தாண்டியது, எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) செலவு ஏறியது, மீட்டர் கட்டணம் மட்டும் பத்து வருடத்துக்கு மேல் அசையாமல் நின்றது. இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம். கட்டுப்படியாகாத விலையைச் சட்டமாக வைத்தால் எல்லோரும் சட்டத்தை மீறத்தான் செய்வார்கள், அப்புறம் கொஞ்சம் மீறுகிறவரும் கொள்ளையடிப்பவரும் ஒன்றாகத் தெரிவார்கள்.

ஆனால் "மீட்டருக்கு மேல 30 போட்டுக் கொடுங்க" என்று ஏறும்முன் சொல்வது வேறு. ராத்திரி பதினொரு மணிக்கு எழும்பூரில் மூட்டையோடு நிற்கும் பாட்டியிடம் முகத்தைப் பார்த்து ஒரு தொகை சொல்வது வேறு. முதலாவது வியாபாரம். இரண்டாவதுக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் தானாகச் சேர்த்திருந்தார்கள். கொடுத்தே ஆகவேண்டுமா? (மதுரை)

வேண்டாம். தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். பரிமாறியவருக்குக் கொடுக்க மனமிருந்தால் அவர் கையில் கொடுங்கள்.

டிக்கெட் போடும்போது இன்சூரன்ஸ் தானாக டிக் ஆகியிருந்தது, கவனிக்காமல் கட்டிவிட்டேன். (ஓசூர்)

இதற்குப் பெயர் கேட்காமல் கூடையில் போடுவது. 2023 நவம்பரில் தடை செய்யப்பட்ட 13 வகை இணையத் தந்திரங்களில் இதுவும் ஒன்று. "வேண்டாம், நான் பாதுகாப்பில்லாமல் பயணிக்கிறேன்" என்று பொத்தானில் எழுதி நம்மைக் கூச வைப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915க்குப் பேசிப் புகார் கொடுங்கள்.

28,000 ரூபாய் ஃப்ரிட்ஜ், எட்டு மாதத்தில் நான்கு முறை பழுது. கம்பெனி இழுத்தடிக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் செலவு அதிகமாகுமா? (தஞ்சாவூர்)

கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி டெல்லியில் இருந்தாலும் தஞ்சாவூரிலேயே வழக்குப் போடலாம், இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், இல்லையென்றால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதை நம்பி காலண்டரில் குறிக்கவேண்டாம். மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்று கேட்டு மனுவைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

முக்கியமான விஷயம் ஓடிபி. மெக்கானிக் வருவார், பின்னால் தட்டிப் பார்ப்பார், "பார்ட் வரணும் மேடம், அந்த ஓடிபியை மட்டும் சொல்லுங்க" என்பார். சொன்ன மறுநிமிடம் கம்பெனி கணக்கில் உங்கள் புகார் "தீர்க்கப்பட்டது". என் வீட்டு வாஷிங் மெஷினே இப்படி மூன்று முறை காகிதத்தில் சரியாகியிருக்கிறது, ஒருமுறைகூடச் சுற்றவில்லை. சரியாகும்வரை ஓடிபி கிடையாது என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு புகார் எண்ணையும் தேதியோடு எழுதி வையுங்கள். கடை பில்லை இன்றைக்கே படம் எடுங்கள், அந்த வழவழப்பான தாளில் எழுத்து ஒரு வருடத்தில் ஆவியாகிவிடும். வெள்ளைத் தாளை நீட்டிக்கொண்டு ஆணையத்தில் நின்றவர்கள் உண்டு.

பத்து ரூபாய் நாணயத்தைக் கடையில் வாங்க மறுக்கிறார்கள். கோடு பத்து இருந்தால்தான் செல்லுமாமே? (வேலூர்)

14 வடிவங்களில் வெளிவந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லிவிட்டது. கோடு பத்தோ பதினைந்தோ, ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து ரூபாய் பத்து ரூபாய்தான். வேடிக்கை என்னவென்றால், வாங்க மறுக்கும் அதே கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்கள். அடுத்த முறை அந்த மிட்டாயைச் சேர்த்துவைத்து அவர்களிடமே பணமாகக் கொடுத்துப் பாருங்கள், முகம் போகிற போக்கை எனக்கு எழுதுங்கள்.