காட்டை விற்காதீர்கள், ஐயா

தாராபுரத்திலிருந்து வந்த தகப்பனாருக்கு,

நேற்று உங்களை முழுக்கப் பேசவிட்டேன். பதற்றம் தணியட்டும் என்றுதான். இன்று ஆறுதல் சொல்லப்போவதில்லை. நீட்டில் மதிப்பெண் குறைந்தால் மூன்று ஏக்கர் விவசாயக் காட்டை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார் உங்கள் மைத்துனர். விற்கப்போவது அவருடைய காடு இல்லை.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் தாத்தாவின் மருத்துவக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ரத்தப் புரத வரைபடத்தில் ஊசி மாதிரி எழும்பி நிற்கும் கூம்பில் விரல் வைத்து, "மருந்து கொடுத்ததும் இது இறங்கியது, சார். அப்புறம் ஏன் மறுபடி ஏறியது?" என்று கேட்டாள். டாக்டராக வேண்டும் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கவனித்தீர்களா?

அவள் கேட்ட கேள்விக்கு விடை தேடுவதே சிலருக்குத் தொழில். தாத்தாவுக்கு வந்திருக்கும் மல்டிபிள் மைலோமா ஒரு வகை ரத்தப் புற்றுநோய். அதில் எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகி, ஒரே புரதத்தை ஓயாமல் கொட்டுகின்றன. அவ்வளவு உற்பத்தி நடக்கும் இடத்தில் குப்பையும் அதிகம். அதை அரைத்துத் தள்ளும் புரோட்டியசோமை அடைத்துவிட்டால் செல் தன் குப்பையிலேயே திணறிச் சாகும். 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்ட்டிசோமிப் என்ற மருந்து செய்வது இதைத்தான். தாலிடோமைடின் கதை இன்னும் விசித்திரம். குழந்தைகள் ஊனமாகப் பிறந்ததால் 1961இல் ஒதுக்கப்பட்ட மருந்து, மைலோமாவுக்குப் பலன் தருவது 1999இல் வெளிவந்தது. அது போய் ஒட்டும் செரப்ளான் என்ற புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது 2010இல்! இன்றும் மருந்துக்குத் தப்பிய செல்கள் மறுபடி பெருகத்தான் செய்கின்றன. உங்கள் மகள் விரல் வைத்தது அந்த இடத்தில்தான்.

பொறியியல், பார்மசி, நர்சிங் பற்றியெல்லாம் ஊரே சொல்லியிருக்கும். நான் சொல்வது ஐசர், மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். நாட்டில் ஏழு இருக்கின்றன. உங்களுக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு, கடைசி ஆண்டு பெரும்பாலும் ஆய்வகத்தில்தான். நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்விகள். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவளும் எழுதலாம், ஆனால் அந்த 15 கேள்விகள் விட்டுவிடாது. இன்றிலிருந்தே தினம் ஒரு மணி நேரம் கணிதம் போடட்டும். நீட்டும் எழுதட்டும், அரசுக் கல்லூரி கிடைத்தால் முடிவு அவளுடையது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து பிஎச்.டி.; ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். முப்பது வயதை ஒட்டித்தான் நிலையான வேலை. கல்யாணப் பேச்சை அதுவரை எடுக்காமல் இருக்க முடியுமா என்று வீட்டில் கேளுங்கள். கட்டணத்துக்குக் கல்விக் கடன் போதும், காடு தேவையில்லை.

"உன் படிப்பு முடிவதற்குள் தாத்தாவுக்கு எதுவும் செய்ய முடியாது, அம்மா" என்று அவளிடம் சொன்னேன். "தெரியும், சார்" என்றாள், கோப்பை மூடாமலே.

காட்டுக்கு முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை மகளோடு நீங்கள் மட்டும் வந்தால் போதும்.