வாலட்டில் கணக்கை இம்போர்ட் செய்வது: கேள்வி - பதில்

கேள்வி: கிரிப்டோ வாலட் செயலி ஒன்றுக்கு உதவிக்குறிப்புகள் எழுதுகிறேன். 'அக்கவுண்ட் இம்போர்ட்' பகுதியை ஐந்தே படிகளில், படங்களோடு எழுதியிருக்கிறேன். ஆனாலும் "சொன்னபடி செய்தேன், கணக்கு வரவில்லை" என்ற புகார் ஓயவில்லை. எதைத் திருத்த வேண்டும்?

பதில்: படிகளில் பெரும்பாலும் குறை இருக்காது. முதல் படிக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி விடுபட்டிருக்கும்: படிப்பவர் கையில் என்ன இருக்கிறது?

'இம்போர்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் எழுதிய தாள் இருந்தால் அது சீட் ஃபிரேஸ். வாலட் முழுவதும், அதிலுள்ள எல்லாக் கணக்குகளும் அதிலிருந்தே உருவாகின்றன. 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்த 64 குறிகள் இருந்தால் அது எத்தீரியம் (பிட்காயின் போன்ற இன்னொரு கிரிப்டோ நெட்வொர்க்) வகைப் பிரைவேட் கீ, அதாவது கணக்கின் ரகசியச் சாவி. ஒரே ஒரு கணக்கைத்தான் அது திறக்கும். ஜேசன் கோப்பு இருந்தால் அது கீஸ்டோர், அதாவது பாஸ்வேர்டால் பூட்டி வைத்த சாவி. கோப்பை உருவாக்கிய நாளில் வைத்த பாஸ்வேர்டு இல்லாமல் அது திறக்காது. இன்றைய செயலியின் பாஸ்வேர்டு அதற்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி காட்டுங்கள்.

குறிகளின் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். பணம் பெறுவதற்காகப் பிறருக்குக் கொடுக்கும் முகவரியைப் பிரைவேட் கீ என்று நினைத்து ஒட்டுபவர்களுக்கு அது கைகொடுக்கும். எத்தீரியம் முகவரி, முன்னால் வரும் 0எக்ஸ் உட்பட 42 குறிகள்தான். அதை வைத்து இருப்பைப் பார்க்கலாம், பணத்தை அனுப்ப முடியாது. பிட்காயின் பிரைவேட் கீ பொதுவாக 51 அல்லது 52 குறிகளில் இருக்கும். 5, கே, எல் ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும்.

அடுத்தது, இம்போர்ட் செய்வதால் பணம் இடம் மாறுவதில்லை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பணம் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில்தான் இருக்கிறது. சாவிக்கு இன்னொரு நகல் எடுக்கிறோம், அவ்வளவே. இது புரியாதவர், எல்லாம் புதிய இடத்துக்கு வந்துவிட்டது என்று நம்பிப் பழைய செயலியை நீக்கிவிடுகிறார். "பழைய செயலியை இப்போது நீக்க வேண்டாம்" என்ற வரி உங்கள் குறிப்பில் கடைசியில் இருந்தால் அதை மேலே கொண்டுவாருங்கள். மக்கள் படித்துக்கொண்டே செய்கிறார்கள். ஐந்தாம் படியில் வரும் எச்சரிக்கை, மூன்றாம் படியில் தவறு செய்தவரைக் காப்பாற்றாது.

முடிவிலும் ஒரு சோதனை வேண்டும். "வெற்றி என்று காட்டும்" என்பது போதாது. பழைய செயலியில் உள்ள முகவரியும் புதியதில் தெரியும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். முகவரி ஒத்துப்போனால்தான் இம்போர்ட் முடிந்தது என்று பொருள்.

திரையில் வரும் பிழைச்செய்திகளை அதே சொற்களில் எழுதி, பக்கத்திலேயே காரணத்தையும் கொடுங்கள். 'சொற்கள் செல்லாது' என்று வந்தால் எழுத்துப்பிழை, வரிசை மாற்றம், விடுபட்ட சொல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சீட் ஃபிரேஸுக்குச் சொற்களை எடுக்கும் வழக்கமான பட்டியலில் இருப்பவை 2048 சொற்கள். எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக வராது. கையெழுத்து மங்கியிருந்தாலும் முதல் நான்கு எழுத்துகள் தெரிந்தால் சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த ஒரு தகவல் பலரின் பதற்றத்தைத் தணிக்கும், விடாமல் எழுதுங்கள். பிழைச்செய்தி வராததால் சொற்கள் சரி என்றும் ஆகிவிடாது. பட்டியலிலுள்ள 12 சொற்களைத் தப்பான வரிசையில் கொடுத்தாலும், ஏறக்குறைய 16-ல் ஒரு வரிசை செயலியின் சரிபார்ப்பைத் தாண்டி வேறொரு வெற்று வாலட்டைத் திறந்துவிடும்.

படங்களில் சொற்கட்டங்களை வெறுமையாக விடுங்கள். மாதிரிக்கென்று ஒரு சீட் ஃபிரேஸைக் காட்டினால், புதியவர் ஒருவர் அதையே தட்டெழுதிப் பணம் போடக்கூடும். அந்தச் சொற்களைப் பார்த்த எவரும் அந்தப் பணத்தை எடுத்துவிடலாம்.

கேள்வி: 12 சொற்களைக் கொடுத்து வாலட்டைப் புதிய செயலியில் ஏற்றினேன். பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் இருப்பு பூஜ்யம். பணம் போய்விட்டதா?

பதில்: இருப்பை விடுங்கள், முதலில் முகவரியைப் பாருங்கள். உங்கள் பழைய முகவரியேதான் தெரிகிறதா?

ஆம் என்றால், அந்த முகவரியை அதற்குரிய பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (பிளாக்செயின் பதிவுகளை யாரும் பார்க்கக்கூடிய இணையதளம்) தேடுங்கள். அங்கே பணம் தெரிந்தால், செயலி வேறு நெட்வொர்க்கைக் காட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அந்த டோக்கனை நீங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால், பணம் எப்போது, எந்த முகவரிக்கு வெளியேறியது என்பது அதே பக்கத்தில் பதிவாகியிருக்கும்.

முகவரியே வேறு என்றால், பெரும்பாலும் டெரிவேஷன் பாத், அதாவது சொற்களிலிருந்து முகவரியை உருவாக்கும் வழி, மாறியிருக்கும். ஒரே சொற்களிலிருந்து எண்ணற்ற முகவரிகளை உருவாக்கலாம். எந்த வழியில் உருவாக்குவது என்பதைச் செயலி முடிவு செய்கிறது. பிட்காயினில் இதை முகவரியின் தொடக்கமே சொல்லிவிடும். 1-இல் தொடங்கினால் வழியின் முதல் எண் 44. 3-இல் தொடங்கினால் பெரும்பாலும் 49. பிசி1கியூ என்று தொடங்கினால் 84, பிசி1பி என்றால் 86. எத்தீரியத்தில் முதல் கணக்கு சரியாக வந்து, இரண்டாவது மட்டும் மாறுவதும் உண்டு. மெட்டாமாஸ்க் என்ற வாலட் 44/60/0/0/0 என்ற வரிசையில் கடைசி எண்ணைக் கூட்டி அடுத்த கணக்கை உருவாக்குகிறது. லெட்ஜர் கருவிகளுக்கான லெட்ஜர் லைவ் செயலி மூன்றாவது எண்ணைக் கூட்டியது. செயலியின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் பாத் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வசதியுள்ள வாலட்டைப் பயன்படுத்துங்கள்.

பழைய வாலட்டில் சொற்களோடு கூடுதலாகப் பாஸ்ஃபிரேஸ் (நீங்களே தேர்ந்தெடுத்த ரகசியச் சொல்) வைத்திருந்தீர்களா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். அதில் ஓர் எழுத்து, ஓர் இடைவெளி தவறினாலும் பிழைச்செய்தி வராது, வேறொரு காலி வாலட் திறக்கும். இதைத்தான் பலர் திருட்டு என்று தவறாக நினைக்கிறார்கள்.

எலக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட் செயலி தன் வாலட்டுகளுக்குத் தனக்கென்று வேறொரு சொல்முறையை வைத்திருக்கிறது. அங்கே உருவான சொற்களை மற்ற செயலிகள் பெரும்பாலும் செல்லாதவை என்றே சொல்லும், எலக்ட்ரத்திலேயே திறந்துகொள்ளுங்கள்.

இந்த நிலையில் "தீர்த்துத் தருகிறோம்" என்று யார் வந்து சொற்களைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், எந்த இணையதளத்திலும் தட்டெழுதாதீர்கள். மேலே சொன்ன எந்தக் கோளாற்றைத் தீர்க்கவும் இன்னொருவருக்கு உங்கள் சொற்கள் தேவையில்லை.

கேள்வி: பிரைவேட் கீ கொடுத்துச் சேர்த்த கணக்கு, போன் மாற்றிச் சீட் ஃபிரேஸால் மீட்டபோது வரவில்லையே?

பதில்: வராது. அந்தக் கணக்கு உங்கள் சொற்களிலிருந்து பிறந்ததல்ல. வெளியிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது. அதே பிரைவேட் கீயை மீண்டும் கொடுக்க வேண்டும். பழைய போனில் செயலி இன்னும் இருந்தால் இன்றே கீயைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். அல்லது, சொற்களிலிருந்து உருவான கணக்கு ஒன்றுக்குப் பணத்தை அனுப்பிவிடுங்கள். கட்டணம் கொஞ்சம் போகும், ஆனால் ஒரே பேக்கப் போதும் என்ற நிலை வரும்.

கேள்வி: புதிதாக வாங்கிய ஹார்டுவேர் வாலட்டின் (சாவியைத் தனக்குள் வைத்திருக்கும் சிறு கருவி) பெட்டிக்குள்ளேயே 24 சொற்கள் அச்சிட்ட அட்டை இருந்தது. "இவற்றை இம்போர்ட் செய்து தொடங்கவும்" என்கிறது. செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. அந்தச் சொற்களை அச்சிட்டவர் கையில் அதே சாவி இருக்கிறது. நீங்கள் பணம் போடும் நாளுக்காகக் காத்திருக்கிறார். சொற்களைக் கருவிதான் தன் திரையில் உங்கள் முன்னே உருவாக்க வேண்டும். உடன் வரும் அட்டை நீங்கள் எழுதிக்கொள்வதற்காக வெறுமையாக இருக்க வேண்டும். கருவியைப் பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே அதில் பணம் போட்டிருந்தால், வேறொரு வாலட்டில் புதிய சொற்களை உருவாக்கி உடனே அங்கே அனுப்பிவிடுங்கள்.