சோடியம் சிறியதாக இருந்தும் பொட்டாசியம் சேனலில் ஏன் நுழைவதில்லை?

பொட்டாசியத்தைவிடச் சோடியம் அயனி சிறியதாயிற்றே, பெரியதை விடும் சேனல் (செல்லின் சவ்வில் அயனிகள் கடக்கும் புரதத் துளை) சிறியதை எப்படித் தடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பில் கேட்டுப் பதில் கிடைக்காமல்தான் இங்கே வந்திருப்பீர்கள். நானும் எழுந்து நின்று கேட்டவள். "தேர்வுக்கு வராது, உட்கார்" என்றார் ஆசிரியர். அந்த "உட்கார்" இன்னும் காதில் இருக்கிறது.

ஆறு வருடம் கழித்து, ஆய்வகத்தில் ஒரு நள்ளிரவில், அதை நேரில் பார்த்தேன். கண்ணாடிப் பிப்பெட்டின் முனையைச் செல்மீது வைத்து மெதுவாக உறிஞ்சினால் சவ்வு ஒட்டிக்கொள்ளும். அன்று ஒட்டியது. அந்தத் துண்டைப் பிய்த்தெடுத்தேன். திரையில் மின்னோட்டத்தைக் காட்டித் தட்டையாக ஓடிய கோடு சட்டென்று ஒரு படி ஏறி, நின்று, இறங்கியது. ஒரே ஒரு சேனல் திறந்து மூடுகிறது! படியின் உயரம் சுமார் 10 பிக்கோஆம்பியர். அதாவது நொடிக்கு 6 கோடி அயனிகள். பிப்பெட் முனை மூழ்கியிருந்த கரைசல் தொட்டியிலிருந்து பிப்பெட்டுக்குள் அயனி ஓடும்படி மின்னழுத்தம் வைத்திருந்தேன். தொட்டியில் பொட்டாசியத்தை எடுத்துவிட்டுச் சோடியம் விட்டேன். படிகள் மறைந்தன. பொட்டாசியம் திரும்பியதும் அவையும் திரும்பின. அழுதுவிட்டேன்.

(அந்தப் பதிவு பிறகு ஒரு கட்டுரையில் படமாக வந்தது. என் பெயர் கடைசியில் நன்றியுரையில் மட்டும். இளையவர்களுக்குக் கருவி இரவில்தான் கிடைக்கும். இரவில் எடுத்தது யார் என்பது பகலில் மறந்துபோகும்.)

காரணம் இதுதான். தண்ணீரில் ஒவ்வோர் அயனியும் நீர் மூலக்கூறுகள் சூழ இருக்கும். சேனலின் குறுகிய வடிகட்டிக்குள் போக அவற்றை உதற வேண்டும். அதற்கு நிறைய ஆற்றல் வேண்டும். நான்கு புரதத் துணையலகுகள் சேர்ந்த அந்த வடிகட்டியில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக உள்நோக்கி நிற்கின்றன. 1.33 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள பொட்டாசியத்தை எட்டு ஆக்சிஜன்கள் நீர் பிடித்திருந்தது போலவே பிடித்துக்கொள்கின்றன, நஷ்டம் ஈடாகிவிடுகிறது. சோடியத்தின் ஆரம் 0.95 தான், எல்லா ஆக்சிஜன்களையும் ஒருசேர அதனால் தொட முடியாது. நீரை விட்டு வந்தால் நஷ்டம், அதனால் வெளியிலேயே நிற்கிறது. ராடரிக் மெக்கின்னன் 1998ல் ஒரு பாக்டீரியாச் சேனலின் வடிவத்தைக் கண்டு இதைக் காட்டினார். 2003ல் நோபல் பரிசு பெற்றார்.

"நீர் சூழ்ந்த சோடியம்தான் பெரியது, அதனால் நுழையாது" என்று சிலர் கீழே எழுதுவார்கள். நீரை உதறித்தான் இரண்டுமே நுழைய வேண்டும் என்பதால் அந்த விளக்கம் போதாது. வடிகட்டி விறைப்பா நெளிவா என்ற விவாதமும் தெரியும். அடிப்படையை மட்டும் சொன்னேன்.

திறப்பதும் மூடுவதும் வேறு பகுதியின் வேலை. பெரும்பாலும் துளையின் உட்புற முனையில் கதவு இருக்கிறது. சிலவற்றை மின்னழுத்தம் திறக்கும். நான் அன்று பார்த்த சேனலுக்குக் கால்சியமும் வேண்டும். அதை எடுத்தால் திறப்பதே அரிது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) கூடினால் அங்குள்ள பொட்டாசியம் சேனலின் கதவு மூடும், சவ்வின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே வரும், இன்சுலின் வெளியேறும். அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், விரிவாக எழுதுகிறேன்.